மூன்று லைட்டில் பார்க்கிறவர்

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. என் ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் ஒருமுறை எழுதிக் கொண்டுபோய்க் காட்டினேன். படித்துவிட்டுத் தன் பெயரை மட்டும் சிவப்புப் பேனாவால் அடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"என்னைய இந்த லேப் லைட்ல மட்டுந்தான் சார் பாத்திருக்கிய. எங்க மாமியாட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு எழுதுங்க."

மாமியாரிடம் போய்க் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. ஆகவே இங்கேயும் ‘அவர்’ என்றே இருக்கட்டும். கம்பெனியில் எல்லோரும் லேப் அக்கா என்றார்கள். அவருக்கு என் வயதுதான் இருக்கும். நான் மேடம் என்று கூப்பிட்டேன்.

திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் அந்தப் பனியன் கம்பெனி. துணி பின்னுவது, சாயம் போடுவது, வெட்டுவது, தைப்பது எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள் நடக்கும். சாயப் பகுதியை ஒட்டிய சின்ன லேபில் ஷேடு பார்ப்பது அவருடைய வேலை. ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு பையர் அனுப்பிய துணித்துண்டின் நிறமும் இங்கே சாயம் ஏற்றிய துணியின் நிறமும் ஒன்றுதானா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். சரியாக இருந்தால் துண்டின் பின்னால் பால்பாயின்ட் பேனாவால் ‘ஓகே’ என்று எழுதித் தேதி போடுவார். அந்த ஓகே விழாமல் ஒரு ரோல் துணி கட்டிங் டேபிளுக்குப் போகாது.

லேபின் நடுவில் உள்ளே முழுக்கச் சாம்பல் வண்ணம் பூசிய ஒரு பெட்டி இருந்தது. அதற்குள் துணிகளை வைத்து ஒவ்வொரு சுவிட்சாகப் போடுவார். ஒன்று பகல் வெளிச்சம். ஒன்று துணிக்கடை டியூப்லைட். இன்னொன்று வீட்டு மஞ்சள் பல்பு. கடைசி சுவிட்சுக்கு அவர் வைத்த பெயர் கறுப்பு லைட். புற ஊதா வெளிச்சம். டியூப்லைட்டில் இரட்டைப் பிள்ளைகளாகத் தெரிகிற இரண்டு துணிகள் வெயிலுக்கு வந்ததும் யாரோ எவரோ என்று ஆகிவிடும். இந்தத் தொழிலில் அது அன்றாடம் நடப்பது. அதனால் ஒரே வெளிச்சத்தில் பார்த்த எதையும் நம்புவதில்லை என்று முடிவுகட்டியிருந்தார். அதைத் துணியோடு நிறுத்தியிருந்தால் அவரைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இருந்திருக்காது.

சந்தையில் சிவப்புத் தார்ப்பாய்க்குக் கீழே தக்காளி வாங்கமாட்டார். நாலைந்தைக் கையில் எடுத்துக்கொண்டு நடு ரோட்டு வெயிலுக்குப் போய்த் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "ஏனுங்க்கா, தக்காளிக்கு ஜாதகமும் பாக்கோணுமுங்களா?" என்று கடைக்காரர் ஒருநாள் கேட்டார். "அதுக்குப் பொறந்த நேரம் தெரியாதுல்லா" என்று சொல்லிவிட்டு அதில் இரண்டைத் திருப்பி வைத்தார். தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்தபோது சர்ச்சில் பார்த்தது போதாது என்று, மாப்பிள்ளை ஷிப்ட் முடிந்து வரும்போது அவருடைய கம்பெனி கேட்டில் நின்று ஒருமுறை பார்த்தாராம். பிறகு வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டு, சோற்றை வேண்டுமென்றே ஒரு மணி நேரம் தாமதமாக்கி இன்னொரு முறை.

"பசிச்ச மூஞ்சி எப்படி இருக்குன்னு பாக்கணும்லா சார்."

மாப்பிள்ளை பாஸாகிவிட்டார். இப்போது பெருமாநல்லூரில் குடியிருக்கிறார்கள். அன்றைக்குச் சோறு ஏன் தாமதமானது என்று அந்த மனிதருக்கு இன்றுவரை தெரியாது.

சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். கல்யாணமாகி இங்கே வந்து பதினைந்து வருடம் ஆகியும் எங்கள் ஊர் ‘ஏனுங்க’, ‘ஆமாங்க’ எதுவும் அவர் பேச்சில் ஒட்டவில்லை. மரியாதைக்கும் பஞ்சமில்லை, பயமும் கிடையாது. நான் முதன்முதலாக லேபுக்குப் போன அன்று முதலாளி பெட்டிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனம்மணி, கலர் நல்லாத்தான இருக்குது? ஏத்திரலாமுல்ல?"

"மொதலாளி, ரெண்டடி பின்னால நில்லுங்க. உங்க தோள்துண்டோட பச்ச இதுல விழுது."

முதலாளி மறுபேச்சில்லாமல் பின்னால் போனார். மேடம் கறுப்பு லைட்டைப் போட்டதும் பெட்டியிலிருந்து கசிந்த வெளிச்சத்தில் முதலாளியின் வேட்டி பளீரென்று நீலமாக எரிந்தது. வெள்ளைத் துணிக்குப் போடுகிற வைட்னர் செய்கிற வேலை அது. வெளுத்த துணியை இன்னும் வெள்ளையாகக் காட்டுவதற்கென்றே சேர்க்கிற சரக்கு. கறுப்பு லைட் பட்டால் நீலமாக ஒளிரும். "மொதலாளி மின்னுதாரு" என்றார் அவர். முதலாளியே சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். எனக்கும் சேர்த்துத்தான் அது சொல்லப்பட்டது என்று தெரிய ஒன்றரை வருடம் ஆயிற்று.

அந்த லேபில் சுவரில் ஒரு குழந்தைப் பனியனை ஆணியடித்து மாட்டியிருந்தார். உடம்பு ஒரு ஆரஞ்சு, கைகள் வேறொரு ஆரஞ்சு. யார் தப்புங்க இது என்று கேட்டேன்.

"எந்தப்பு சார். வேலைக்கு வந்த புதுசு. வண்டி நிக்குது வண்டி நிக்குதுன்னு அவசரப்படுத்துனாவ. டியூப்லைட்ல மட்டும் பாத்து ஓகே போட்டேன். தச்சு முடிச்சு வெயில்ல எடுத்தா இந்தக் கோலம். அம்புட்டும் திரும்பி வந்துட்டு."

மற்ற ஆபீஸ்களில் அந்த இடத்தில் ஐ.எஸ்.ஓ. சான்றிதழ் தொங்கும்.

என் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெருமாநல்லூர் தாண்டி ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். அப்போது பகுதி நேரமாக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். இரண்டு வருடத்துக்குள் டாக்டர் பட்டம் வாங்காதவர்களை நிரந்தர வேலையிலிருந்து எடுத்துவிடுவோம் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. அதனால் என் வேலை அந்த ஆய்வேட்டைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்துக்கொண்ட விஷயம் ஒளிரும் கரித்துகள்கள். தலைமுடியின் தடிமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கரியைப் பொடியாக்கினால் அது கறுப்பாக இருப்பதை மறந்துவிடும். புற ஊதா பட்டதும் நீலமாகவோ பச்சையாகவோ ஒளிவிடும். எல்.இ.டி. பல்பின் மேல் பூசி இதமான வெளிச்சம் உண்டாக்கலாம். கண்ணுக்குத் தெரியாத மையாக்கி, போலி லேபிளைக் கண்டுபிடிக்கலாம். சாயக்கழிவு நீரில் சில உலோகங்கள் இருந்தால் அந்த ஒளி மங்கும். அதை வைத்து நீரைச் சோதிக்கலாம். உலகத்தில் எலுமிச்சைச் சாற்றிலிருந்தும் வாழைத்தோலிலிருந்தும் இதைச் செய்கிறார்கள். திருப்பூர்க்காரனுக்கு எதற்கு வாழைத்தோல்? பருத்தியும் கரிதானே? கட்டிங் வேஸ்ட் இங்கே மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. அதைக் கேட்டுத்தான் அந்தக் கம்பெனிக்குப் போனேன். சாயம் குறுக்கே வரக்கூடாது என்று பார்த்துப் பார்த்து வெள்ளைத் துண்டுகளாகவே பொறுக்கி எடுத்துக்கொண்டேன். அவ்வளவு புத்திசாலி நான்.

வெள்ளைத் துண்டுகளைத் தண்ணீரோடு இறுக மூடிய எஃகுப் பாத்திரத்தில் போட்டு, அடுப்பில் மணிக்கணக்காகச் சூடாக்கி, வடிகட்டினால் இளம் டீ நிறத்தில் ஒரு நீர் வரும். யூவி டார்ச்சை அடித்தால் அது நீலமாக ஜொலிக்கும். முதல் தடவை பார்த்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. குப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நேராக லேபுக்கு வண்டியை விட்டேன். அவர் வெயிலில் பார்த்தார், டியூப்லைட்டில் பார்த்தார், பெட்டிக்குள் வைத்துக் கறுப்பு லைட்டைப் போட்டார்.

"எம்மாடி!" என்றார். பல்பு, லேபிள், கழிவுநீர் எல்லாவற்றையும் நான் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "பாக்கணும் சார்" என்றார்.

"ஒரு ஓகே போட்டுக் குடுங்க மேடம், விளையாட்டுக்கு."

"ஓகேல என்ன சார் வெளாட்டு?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் ஒவ்வொரு புதுக் குப்பியையும் அவரிடம் காட்டாமல் இருக்க முடியவில்லை. கல்லூரியில் என் கரித்துகளைப் பற்றிப் பேச்செடுத்தால் ஆட்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அவர் மட்டும்தான் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து கேட்பார்.

ஒன்றரை வருடம் இப்படிப் போயிற்று. ஆய்வேடு எழுதி முடித்து அட்டை போடக் கொடுத்திருந்த சமயம் கிறிஸ்துமஸ் வந்தது. அவருடைய சர்ச்சில் பிள்ளைகள் நாடகத்துக்கு ஒரு நட்சத்திரம் வேண்டும் என்று என் நீரில் ஒரு பாட்டிலும், யூவி பல்பு ஒன்றும் கேட்டார். என் ஆராய்ச்சிக்குக் கிடைத்த முதல் உபயோகம், மகிழ்ச்சியாகக் கொடுத்தேன். நாடகத்தில் நட்சத்திரம் அமோகமாக மின்னியதாம், பாஸ்டரே கைதட்டினாராம். இதையெல்லாம் அவர் மறு திங்கட்கிழமை சொன்னார். சொல்லும்போது முகத்தில் சிரிப்பில்லை.

"சார், அட்டையில உங்க தண்ணிய அடிச்சு, ஓரத்துக்கு வெள்ளப் பனியன் துணிய வச்சு ஒட்டியிருந்தேன். லைட்டப் போட்டா உங்க நீலமும் துணியோட நீலமும் அச்சு அசலா ஒண்ணு. நூல் பிசகல. பதினஞ்சு வருசமா ஷேடு பாக்கேன் சார். வேற வேற சரக்கு ரெண்டு இப்படி ஒத்துப்போய் நான் பாத்ததில்ல."

"அதனாலங்க?"

"நீங்க வெள்ள வேஸ்டுதானே எடுத்துட்டுப் போனிய? அதுல எங்க வைட்னர் இருக்கும்லா. மின்னுறது உங்க கரியா, எங்க வைட்னரா சார்?"

வெறும் தண்ணீரைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டிருந்தேன். வெள்ளைத் துணி ஊறிய தண்ணீரை ஒருநாளும் வைத்துப் பார்க்கவில்லை. கரைந்து நிற்கும் சில்லறைச் சரக்குகளைப் பிரிக்க, நீரைச் சவ்வுப் பைக்குள் கட்டி மூன்று நாள் ஊறவைக்க வேண்டும். அவசரத்தில் பல தடவை ஒரே நாளில் எடுத்திருந்தேன். அவர் ஒரு பீக்கரில் வெள்ளைத் துண்டுகளைப் போட்டுச் சும்மா கொதிக்க வைத்தார். எஃகுப் பாத்திரமும் இல்லை, கரியும் இல்லை. ஆறியதும் வடித்துக் கறுப்பு லைட்டுக்குக் கீழே என் குப்பியின் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே நீலம். திருப்பூரைத் தவிர வேறு எந்த ஊர்க்காரனுக்கும் இந்தத் தப்பைச் செய்யும் யோகம் வாய்த்திருக்காது.

எனக்கு வந்த கோபம் என் மேல் வந்திருக்க வேண்டும். அவர் மேல் வந்தது. "நீங்க இதைச் சொல்லாமயே இருந்திருக்கலாமுங்க. என்ற வேலையே இதுலதான் இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமல்லங்க?" என்று கத்தினேன். லேபுக்கு வெளியே நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இருந்திருக்கலாம் சார்" என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை. "அப்புறம் நீங்க வாரப்பல்லாம் நான் உங்க மூஞ்சப் பாத்துப் பேசணும்லா."

மூன்று வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. என் வழிகாட்டிப் பேராசிரியரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் காபியை ஆற்றிக்கொண்டே, "இதெல்லாம் யாருங்க நோண்டிப் பாக்கறாங்க? பைண்டிங் வந்துருச்சல்ல, கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க" என்றார். நல்ல மனிதர்தான், என் வேலை போகக்கூடாது என்று நினைத்தார். தடித்த அட்டையில் பொன் எழுத்தோடு ஆய்வேடு வந்து மேஜையில் கிடந்தது. ‘இதிலுள்ள யாவும் என் சொந்த ஆய்வின் முடிவுகள்’ என்ற பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு பேனாவைப் பிடித்தேன். உங்க கரியா, எங்க வைட்னரா? மறுபடி மூடினேன். மூன்று நாள் இதே கூத்து. கையெழுத்துப் போட்டுவிட்டால் பட்டத்தில் பாதி அந்த வைட்னர் தயாரித்தவனுக்குப் போக வேண்டியது. நாலாம் நாள் கையெழுத்தில்லாத ஏட்டை எடுத்துக்கொண்டு நெருப்பெரிச்சலுக்குப் போனேன்.

அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து, வாயை இறுகக் கட்டிய ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து வைத்தார். வெளுக்காத துணி, இங்கே கோரா என்பார்கள். பழுப்பாக, பருத்திக்கொட்டைத் துணுக்கோடு இருந்தது.

"நிட்டிங் மிசின்லேருந்து நேரா நானே வெட்டி எடுத்தேன். வெள்ள பக்கத்துலகூடப் போகல. மூணு வாரமா இத வச்சிட்டு உக்காந்திருக்கேன். வரமாட்டியளோன்னு நெனச்சேன் சார்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டு, "நட்சத்திரத்துல மின்னுனது எங்க வைட்னர்தாம். பரவால்ல, ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டாரு" என்றார்.

முதலிலிருந்து தொடங்கினேன். அடுத்த கல்வியாண்டில் நிர்வாகம் சொன்னபடியே செய்தது. நிரந்தர விரிவுரையாளன் கௌரவ விரிவுரையாளன் ஆனேன். ஸ்டாஃப் ரூமில் என் மேஜை ஜன்னலோரத்திலிருந்து கழிப்பறைப் பக்கம் நகர்ந்தது. கோராத் துணி முதலில் என்னை ஏமாற்றியது. கண்ணை இடுக்கினால்தான் தெரியும் ஒரு ஒளி. துணிப் பிரிண்டிங்குக்கு வைத்திருந்த யூரியாவில் ஒரு கைப்பிடி அவர்தான் கொடுத்தார். அதைச் சேர்த்துச் சூடாக்கியதும் பச்சை கலந்த ஒரு வெளிச்சம் எட்டிப் பார்த்தது. சோப்புத் தூளிலும் வைட்னர் உண்டு என்பதால் லேபுக்கு வெள்ளைச் சட்டை போட்டு வரக்கூடாது என்று எனக்குத் தடை போட்டார். வாரத்தில் ஆறு நாள் சாம்பல் சட்டை. "ஏனுங்க, இதென்ன மில்லு யூனிபார்முங்களா?" என்று என் மனைவி கேட்டாள்.

ஒவ்வொரு தடவையும் மூன்று குப்பி வைப்போம். யூரியா கலந்த வெறும் தண்ணீர் ஒன்று, கோராவையும் யூரியாவையும் சும்மா கொதிக்க வைத்த தண்ணீர் ஒன்று, பாத்திரத்தில் வெந்த நீர் ஒன்று. சவ்வில் முழுசாக மூன்று நாள். முதல் இரண்டும் இருட்டாகக் கிடந்து மூன்றாவது மட்டும் ஒளிர்ந்த அன்றைக்கும் அவர் "பாக்கணும் சார்" என்றுதான் சொன்னார். இந்தத் தடவை எனக்குச் சுருக்கென்று படவில்லை. பழைய நீலக் குப்பிக்கும் ஆய்வேட்டில் ஒரு அத்தியாயம் கொடுத்தேன்.

வாய்மொழித் தேர்வு கல்லூரி அரங்கில் நடந்தது. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். அவர் அரை நாள் லீவு போட்டுச் சாம்பல் நிறச் சுடிதாரில் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். திரைச்சீலைகளை இழுத்து மூடி, மூன்று குப்பிகளை மேஜையில் வைத்து, யூவி விளக்கைப் போட்டேன். மூன்றாவது குப்பியில் மட்டும் பச்சை. அதேநேரம் முன்வரிசையில் வெள்ளை வேட்டியும் சட்டையுமாக வந்திருந்த பெரிய மனிதர்கள் ஒட்டுமொத்தமாக நீலத்தில் ஜொலித்தார்கள். என் இத்தனை வருட உழைப்பைவிட அவர்கள் சட்டை பத்து மடங்கு பிரகாசம். அரங்கம் சிரித்தது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் தன் சட்டைக் கையையே பார்த்துவிட்டு, "இது எதனால்?" என்றார்.

முன்பென்றால் எனக்கு முகத்தில் ஈயாடியிருக்காது. "ஐயா, என்னுடைய நாலாம் அத்தியாயமே அதுதாங்க" என்று தொடங்கினேன். என் தப்பைப் பற்றி இருபது நிமிடம் பேசினேன். மற்றதைப் பற்றி யாரும் அதிகம் கேட்கவில்லை.

முடிந்து எல்லோரும் டீக்குப் போனபோது அவர் கடைசி வரிசையிலிருந்து மேஜைக்கு வந்து மூன்றாவது குப்பியை எடுத்தார். நேராக வராந்தாவுக்குப் போய் வெயிலில் தூக்கிப் பிடித்தார். இளம் டீ. உள்ளே வந்து டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்தார். பிறகு துப்பட்டாவைக் குப்பிக்கு மேல் போட்டு இருட்டாக்கிக்கொண்டு, என் யூவி டார்ச்சை வாங்கி உள்ளே அடித்து, குனிந்து வெகுநேரம் பார்த்தார். தேர்வாளர் கேள்வி கேட்டபோதுகூட என் நெஞ்சு இப்படி அடித்துக்கொள்ளவில்லை.

நிமிர்ந்து, "இது உங்கதுதான் சார்" என்றார்.

கைப்பையிலிருந்து பால்பாயின்ட் பேனாவை எடுத்து, குப்பியில் ஒட்டியிருந்த தாளில் ஓகே என்று எழுதித் தேதி போட்டார். மதியம் ஷிப்ட் இருக்கிறது என்று பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார், டீகூடக் குடிக்கவில்லை.

அடுத்த வருடம் அவருடைய கணவருக்குச் சொந்த ஊர்ப் பக்கமே வேலை கிடைத்து, குடும்பத்தோடு போய்விட்டார்கள். எனக்கு நிரந்தர வேலை திரும்பக் கிடைத்தது, மேஜையும் ஜன்னலோரத்துக்கு வந்தது. பட்டச் சான்றிதழை லேமினேட் செய்து பீரோவில் துணிக்கு அடியில் வைத்திருக்கிறேன். அந்தக் குப்பி மேஜை மேல் இருக்கிறது.